முப்பத்தேழும் இருநூற்றுப் பன்னிரண்டும்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் சாவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். உறைபெட்டிகளின் சாவி, பதிவு அலமாரியின் சாவி எல்லாம் ஒரே வளையத்தில் அவள் இடுப்பில் தொங்கும். பூஜ்யத்துக்கும் கீழே எண்பது டிகிரியில் கிடக்கிற ஆயிரத்துச் சொச்சம் ரத்தக் குப்பிகள் அவள் பொறுப்பு. பதினோரு வருடத்தில் ஒரு குப்பி இடம் மாறியதில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு, கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அதனால்தான், புள்ளிவிவரம் பார்க்கிற இளைஞன் அன்று காலை வந்து குப்பி மாறியிருக்கிறது என்றதும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவனுக்கு அங்கே பெயர் ‘கணக்கு’.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. முப்பத்தேழும் இருநூத்திப் பன்னெண்டும் கூடப்பொறந்தவங்கன்னு மெஷின் சொல்லுது.”

“அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அவங்களைப் பெத்தவங்களைப் போய்க் கேளு.”

“ரெண்டு பேரோட படிவத்திலயும் கூடப்பொறந்தவங்க யாரும் இல்லைன்னு இருக்கே. அப்போ யாரோட ரத்தமோ தப்பான நம்பர்ல வந்திருக்குன்னுதானே அர்த்தம்?”

அந்த எண்களைக் கேட்டதுமே அவள் கோபம் போய்விட்டிருந்தது. முப்பத்தேழு அவள்தான்.

மனநோய் வந்தவர்களின் ரத்தத்தையும் வராதவர்களின் ரத்தத்தையும் எடுத்து, அதிலுள்ள மரபணு எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிடுவதுதான் அங்கே வேலை. இறந்தவர்கள் தானமாகத் தந்த மூளைத் துணுக்குகளில் அந்த எழுத்துகள் என்ன செய்கின்றன என்று மாடியில் பார்ப்பார்கள். பல பேருக்கு மரபணுவில் கோளாறே இருக்காது. மூளையில் அது எவ்வளவு திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று சொல்கிற இடத்தில்தான் ஒரு எழுத்து மாறியிருக்கும். “குழாய் நல்ல குழாய்தான். திருகுதான் கொஞ்சம் லூசு” என்பார் தலைமை விஞ்ஞானி மேடம். அப்படி நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தளர்வுகள் ஒரே ஆளிடம் வந்து சேரும். யார் மேலும் தப்பில்லை.

ஆரம்பத்தில் நோயில்லாதவர்கள் போதுமான பேர் கிடைக்கவில்லை. வேலை செய்கிறவர்களே கையை நீட்டினார்கள். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்று படிவம் கேட்டது. இல்லை என்று எழுதினாள். கூடப்பிறந்தவர்கள்? இல்லை. பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை, அவ்வளவு பழகிப்போன பொய் அது.

அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். அவளை ‘வாலு’ என்றுதான் கூப்பிடுவான். பள்ளிக்கூடம் போகும்போது வண்டிகள் வருகிற பக்கம் அவன் நடப்பான், இந்தப் பக்கம் அவளைத் தள்ளிக்கொண்டே வருவான். பத்தொன்பது வயதில் சுவருக்குள்ளிருந்து யாரோ பேசுகிறார்கள் என்றான். சின்ன வயதில் அவனைத் தலையில் அடித்ததால்தான் இப்படி ஆனது என்று அம்மா சாகாமல் செத்துக்கொண்டிருந்தாள். அதனால் இல்லை அம்மா என்று சொல்ல இவளுக்கு விஷயம் தெரியும். சொல்லவில்லை. அந்த வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, “எங்களுக்கு ஒரே பொண்ணு” என்றார். பக்கத்து அறையில் இருந்த அண்ணன் காதில் அது விழாமல் இருக்குமா? அவர்கள் போன பிறகு வெளியே வந்து அவள் தலையில் லேசாகத் தட்டினான்.

“நல்ல இடம் வாலு. நான் யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்.”

ஊரின் மறுகோடியில் ஒரு அறையில் அவனை வைத்தார்கள். ஏழு மாதத்துக்கு முன்னால் நுரையீரலில் சளி கட்டிச் செத்துப்போனான். அம்மாதான் போன் செய்தாள். “நீ வராதம்மா. மாப்பிள்ளை கேட்டா என்ன சொல்லுவ?” அவள் போகவில்லை. அன்று சாயங்காலம் வரை குப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நல்ல தங்கச்சி!

பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மருத்துவமனைகளிலிருந்து பதில்கள் மட்டும் எண் போட்டுக் கணினிக்கு வரும், பெயர் எழுதிய படிவம் ஒட்டிய உறையில் வரும். அந்த உறைகளைச் சந்தேகம் வந்தால் மட்டுமே பிரிக்கலாம், அவள் மட்டுமே பிரிக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டைப் பிரித்தாள். பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் கையெழுத்தைப் பார்த்துவிட்டாள். பின்பக்கம் சாய்ந்து நிற்கிற அதே எழுத்து. இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. எண்ணை மட்டும் பார்த்து அவளே வாங்கி, அவளே அடுக்கி வைத்த குப்பி. உறைபெட்டியில் அவளுடையதற்கு இரண்டு தட்டு கீழே இத்தனை நாளும் இருந்திருக்கிறான்.

கூடப்பிறந்தவர்கள் என்ற இடத்தில் ‘ஒரு தங்’ என்று எழுதிப் பாதியில் அடித்திருந்தான். மேலே ‘இல்லை’ என்று இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு படிவங்களையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது மேடமும் கணக்கும் மேசையருகே நின்றிருந்தார்கள்.

“லிஸ்ட்லேர்ந்து ஒண்ணைத் தூக்கினா போதும் அக்கா” என்றான் கணக்கு. “இருநூத்திப் பன்னெண்டைத் தூக்கிடலாம். ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்கன்னு எழுதிக்கலாம். விசித்திரம் என்னன்னா, நாம தேடுற அந்த இடத்துல ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து.”

அதே திருகு அவளுக்குள்ளும் தளர்ந்துதான் இருக்கிறது. ஆனால் அவனுக்குச் சுவர் பேசியது, இவளுக்குச் சாவிக்கொத்து கிடைத்தது. ஏன் அவன் மட்டும் என்று கேட்டால் மாடியில் ஒருவருக்கும் பதில் தெரியாது. சரி என்று ஒரு தலையசைப்பு போதும். அவன் இங்கிருந்தும் போய்விடுவான், வீட்டிலிருந்து போனதுபோலவே சத்தமில்லாமல்.

“எதுவும் மாறல மேடம்” என்றாள். “முப்பத்தேழு நான். இருநூத்திப் பன்னெண்டு என் அண்ணன்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “உனக்கு அண்ணன் இருக்காரா?”

“இருந்தான்.”

கணக்கு தலையைக் குனிந்துகொண்டான்.

“இது இந்த ரூமை விட்டு வெளிய போகாதும்மா” என்றார் மேடம்.

“போகட்டும் மேடம். இன்னைக்கு என் வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லப்போறேன். நோயில்லாதவங்க லிஸ்ட்லேர்ந்து என் நம்பரைத் தூக்கிடுங்க. அவன் இருக்கட்டும்.”

தன் படிவத்தை எடுத்து ‘இல்லை’யை அடித்துவிட்டு, ‘ஓர் அண்ணன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு அண்ணனுடைய தாளை இழுத்து, பேனாவை அந்தப் பாதி வார்த்தையிடம் கொண்டுபோனாள்.

மேடம் மெதுவாக அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “அதை நீ தொடக் கூடாதும்மா.”

அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிற விதி அது: படிவத்தை எழுதிக் கொடுத்தவர் மட்டுமே திருத்தலாம். தட்டச்சு செய்து ஒட்டியதே அவள்தான்.

தாளை மடித்து உறைக்குள் வைத்தாள். அலமாரியைப் பூட்டினாள். அந்தத் தாளில் அண்ணனுக்கு இன்னமும் யாரும் இல்லை.