தம்ளரில் இறங்கிய வெள்ளை நூல்

விடிந்ததிலிருந்து தங்கையாவுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கையில் கண்ணாடித் தம்ளரும் கத்தியுமாக, தொழிலாளர் லயத்துக்குப் பின்னாலிருந்த தக்காளித் தோட்டங்களை நான்காவது முறையாகச் சுற்றிக்கொண்டிருந்தார். எஸ்டேட்டில் அவர் மண்டோர், வேலையாட்களை மேய்க்கும் மேஸ்திரி. கோயில் கமிட்டியிலும் அவர் வைத்ததுதான் சட்டம்.

எழுபத்தெட்டில், ஆயுத பூசை முடிந்த மறுமாதம் அது. பத்து நாளாகச் செடிகள் பச்சையாகவே துவண்டு செத்தன. விவசாய இலாகா ஆள் ஒருவர் வந்து சோதனையைச் சொல்லிக்கொடுத்தார். தண்டை அறுத்துத் தண்ணீரில் தொங்கவிட்டால், கிருமி பிடித்த செடியிலிருந்து பால் மாதிரி வெள்ளை நூல் இறங்குமாம். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணே போதும், நோய் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும் என்றார்.

எஸ்டேட் துரைக்கு ஏகக் கோபம். நோயைக் கொண்டுவந்தவன் பெயரை மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும், அவன் நிலம் பறிபோகும் என்று கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லியனுப்பினார். தங்கையா சுப்பனைத்தான் நினைத்து வைத்திருந்தார். மலைமேல் லெம்பா பெர்த்தாமிலிருந்து நாற்று வாங்கி வந்தவன் அவன். முதலில் வாடியதும் அவன் செடிகள்தான்; லயத்திலும் அவன் பெயர்தான் அடிபட்டது. ஆனால் அவன் தோட்டம் ஒரு மூலை, மற்ற நோய்த் தோட்டங்கள் மறு கோடி. நடுவில் நவமணியின் பாத்தி மட்டும் ஜம்மென்று நின்றது. அதுதான் மனுஷரைத் தூங்கவிடவில்லை.

"நவமணி, ஒன் மண்வெட்டிய சுப்பன் எரவல் வாங்கலையா?"

"அது வீட்ட விட்டே போகல லா. நாங்க வேதக்காரங்க, ஆயுத பூசைக்கு எதுக்குக் கொண்டாரப் போறேன்?"

பூசை என்றதும் தங்கையா மற்றத் தோட்டங்களை எண்ணிப் பார்த்தார். தப்பித்த இன்னொரு தோட்டம் முனியாண்டியுடையது. பூசையன்று அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

வருஷா வருஷம் ஆயுத பூசைக்கு அவரவர் வீட்டில் கழுவிக் கோயிலுக்குக் கொண்டுவரும் மண்வெட்டிகளை, குழாயடியில் சண்டை வருகிறதென்று இந்த வருஷம் ஒரே பீப்பாயில் கழுவ வைத்தவர் தங்கையாதான். பதினேழு மண்வெட்டி. சுப்பனுடையது மண்ணோடு முதலில் உள்ளே போனது. பிறகு எல்லாவற்றையும் அதே தண்ணீரில் முக்கியெடுத்துச் சந்தனம் பூசி, பெருமையாக நீட்டியதும் அவரே. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

ஆபீஸ் வாசலில் சுப்பனும் அவன் மனைவி சரோஜாவும் நின்றிருந்தார்கள். அவள் கண் வீங்கியிருந்தது.

"சுப்பன்தானே, மண்டோர்?" கிராணி பேனாவைத் திறந்தார்.

ஆமாம் என்றால் முழுப் பொய்யும் ஆகாது. நாற்று அவனுடையதுதானே! அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. தங்கையா அதை விழுங்கினார்.

"அவன் கொண்டாந்தது அவன் தோட்டத்துக்கு மட்டுந்தான். மிச்சம் பதினாறுக்கும் பரப்புனது நான். என் நெலத்த எழுதிக்குங்க."

பீப்பாய்க் கதையைச் சொல்லி முடித்தார். சுப்பன் தலை குனிந்து நின்றான். சரோஜா முன்னால் வந்தாள்.

"பத்து நாளா எம் பிள்ளைங்களோட வெளையாட லயத்துல ஒருத்தரும் புள்ளய அனுப்பல. அதையும் சேத்து எழுதச் சொல்லுங்க, மண்டோர்," என்றாள்.