காத்தாடி ஓடுதா?

எனக்குப் பொறுமை கிடையாது. அம்மா சொல்வாள், மாமியார் சொல்வாள், நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் சுந்தரபாண்டியபுரம் வேல்சாமி அண்ணாச்சியைப் பார்த்த பிறகுதான், இந்த விஷயத்தில் என்னையும் மிஞ்ச ஆள் உண்டு என்று தெரிந்தது.

அவருக்கு ஒரே ஒரு காற்றாலை; ஊர்ப் பேச்சில் காத்தாடி. அதைப் பராமரிக்கும் கம்பெனியில் நான் இன்ஜினியர். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். வருஷத்தில் எப்போது நின்றாலும் அந்தச் சில மாதங்கள் காத்தாடி நிற்கக் கூடாது. இந்த ஆடியில் ஊரில் உள்ள எல்லாக் காத்தாடியும் சுற்றிக்கொண்டிருக்க, அவருடையது மட்டும் நின்றது. மேலே கியர்பாக்ஸில், சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் பிடிக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்து ஒழுகியது. அதுவும் ஒரே சீசனில் மூன்றாவது முறை.

"ஓடுதாம்மா?" என்று காலையிலிருந்து போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

"காத்து கொறஞ்சாத்தான் மேல ஏற முடியும் அண்ணாச்சி."

"காத்து கொறஞ்சா எனக்கு ஓடி என்னம்மா பிரயோஜனம்?"

அவர் கேட்டதும் நியாயம்தான். சீல் போட்டது ஒவ்வொரு தடவையும் நம்பிராஜன். எங்கள் கம்பெனியில் அதிக நாள் மேலே ஏறியவர். "அவன் கை சரியில்ல, இன்னொரு தடவ ஒழுகுனா அவன் ஏறக் கூடாது" என்று வேல்சாமி எங்கள் ஆபீஸிலேயே சொல்லிவிட்டார். ஆபீஸும் தலையாட்டிவிட்டது. மேலே ஏறாத டெக்னீசியனுக்கு எங்களிடம் வேலை இல்லை. அது நம்பிராஜனுக்கும் தெரியும். காலையில் வாங்கிய டீயை அவர் குடிக்கவே இல்லை.

அதனால்தான் இந்த முறை நானும் ஏறினேன். மத்தியானம் காற்று கொஞ்சம் தணிந்ததும் நம்பிராஜன், அவருடைய உதவியாள் பென்னி, நான் மூவரும் ஏணியில் ஏறி உச்சியில் இருக்கும் அறைக்குள் நுழைந்தோம். இறக்கை சுற்றாதபடி பூட்டுப் போட்டோம். கோபுரமே லேசாக ஆடியது. ஒரே வளையமாக வரும் சீலைப் போட்டால் ஜெனரேட்டர் இணைப்பைக் கழற்ற வேண்டும், அன்றைய நாள் போய்விடும். அதனால் ஓரிடத்தில் வெட்டு வைத்த சீலைக் கொண்டுபோயிருந்தோம். அதை விரித்துத் தண்டைச் சுற்றி மாட்டிவிடலாம். காற்று ஏறுவதற்குள் இறங்கிவிடலாம் என்பது கணக்கு.

பழைய சீலைக் கழற்றி என் கையில் கொடுத்தார் நம்பிராஜன். அதன் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் பசை. விரலில் வைத்துத் தேய்த்தேன். நறநறவென்றது. தண்டில் அந்த இடத்தில் கோடு கிழித்த மாதிரி ஒரு பள்ளம்.

"இது எங்கேருந்து வந்துச்சு அண்ணே?"

"தூசியா இருக்கும் மேடம்."

பென்னி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது. புதுச் சீலை எடுத்தபோதுதான் பார்த்தேன். நம்பிராஜன் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகை திருநீற்றைச் சீலின் உள்விளிம்பில் தடவப் போனார்.

"நிறுத்துங்க" என்றேன். எனக்கே பயமாகும்படி குரல் வந்தது.

"இலஞ்சி முருகன் திருநீறு மேடம். ஓனர் அண்ணாச்சிதான் ஒவ்வொரு தடவையும் குடுத்துவிடுதாவ. மிஷின்ல வைக்கச் சொன்னாவ. நான் சீல்லயே வச்சிட்டேன். அதுதான தாங்கணும்?"

பென்னியைப் பார்த்தேன். "நீ பாத்துருக்கியா?"

"பாத்தேன் மேடம். நான் சர்ச்சுக்குப் போறவன். திருநீறு வைக்காதீயன்னு நான் சொன்னா அண்ணன் என்ன நெனப்பாவ?"

கோபம் தலைக்கேறியது. கத்த வாயெடுத்தவள் நம்பிராஜன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். போன் அடித்தது. எடுக்கவில்லை.

"அண்ணே, மொத சீல் ஆறு வருஷம் தாங்குச்சு. அதுல திருநீறு வச்சீங்களா?"

"இல்ல."

"சாம்பல் போட்டுத்தான பாத்திரம் தேய்க்கோம்? இங்கனயும் அதான் நடக்கு. தண்டு சுத்தச் சுத்தத் தேயுது."

அவர் அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே காற்றின் சத்தம் கூடியது. இன்னும் தாமதித்தால் வேலையைப் பாதியில் விட்டு இறங்க வேண்டும்.

"இது இல்லாமப் போட்டு ஒழுகுனா என்ன செய்வேன் மேடம்? எனக்கு வேற வேல தெரியாது. கை வரமாட்டுக்கு."

"ஒழுகுனா நானும் உங்ககூட வேலைய விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

பொட்டலத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மறுபடி எடுத்துப் பென்னியிடம் நீட்டினார். "நீ வச்சிருலே. எங்கிட்ட இருந்தா கை தன்னால போகும்." பென்னி இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப் பையில் வைத்துப் பட்டனையும் போட்டுக்கொண்டான்.

தண்டைத் துணியால் நன்றாகத் துடைத்தோம். பழைய பள்ளத்தின் மேல் உட்காராதபடி, சீலை ஒரு மயிரிழை வெளியே தள்ளி, வெட்டு மேல்பக்கம் வருமாறு நம்பிராஜன் மாட்டினார். அவர் கையில் ஒரு குறையும் இல்லை. பூட்டை எடுத்துவிட்டு இறங்கினோம். இறக்கை அசைந்து, தயங்கி, பிறகு சுற்றியது.

அடுத்த வாரம் பூராவும் எனக்குத் தூக்கமில்லை. வார முடிவில் மறுபடி ஏறிப் பார்த்தோம். சீலுக்குக் கீழே விரித்துவைத்திருந்த வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு ஆயில் இல்லை.

இறங்கியபோது கீழே வேல்சாமி, கையில் புதுப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார். "நான் குடுத்த திருநீறு வேல செஞ்சிட்டு பாத்தியா? இதையும் மேல வச்சிட்டு வந்துரு" என்றார் நம்பிராஜனிடம்.

எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நம்பிராஜன் முந்திக்கொண்டார்.

"இந்தத் தடவ வைக்கல அண்ணாச்சி. வச்சதுனாலதான் இவ்வளவு நாளும் ஒழுகிச்சு. தப்பு எம்மேலதான், சீல்ல கொண்டு வச்சிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைக் குனிந்தார். "மிஷினுக்கு வேண்டாம். எனக்குப் பூசிவிடுங்க."

வேல்சாமியின் சிரிப்பு நின்றது. பிறகு பொட்டலத்தைப் பிரித்து, நம்பிராஜன் நெற்றி நிறையப் பூசினார்.

அன்றிலிருந்து அவர் எனக்குப் போன் செய்வதில்லை. "ஓடுதாடே?" என்று நம்பிராஜனைத்தான் கேட்கிறார்.