ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க

'முடியாது' என்று சொல்லத் தம்பிதுரைக்கு வாய் வராது. போத்தனூரில் பம்பு கம்பெனி நடத்துகிறவர். கடன் கேட்டு வந்தவனுக்கும் சரி, கல்யாணத்துக்கு அழைத்தவனுக்கும் சரி, ஒரே பதில்தான்: "ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க." கோயமுத்தூர்க்காரனாக இருந்தால் அந்த இழுவையிலேயே காரியம் நடக்காது என்று புரிந்துகொண்டு, காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். யாழ்ப்பாணத்து ஜெரோமுக்கு அது எப்படிப் புரியும், பாவம்!

ஜெரோம் அங்கே ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையம் வைத்திருந்தார். அவருக்கே சிறுநீரகம் போய்விட்டது; மற்றவர்களோடு அவரும் அதே மெஷினில்தான் படுத்தாக வேண்டும். அதற்குத் தண்ணீரைச் சுத்தம் செய்து கொடுக்கிற பம்பு எரிந்துபோனது, 2022இல், இலங்கையே டாலர் இல்லாமல் தவித்த நேரத்தில்.

அவரிடம் ரூபாய் இருந்தது. ரூபாயை வைத்து என்ன செய்ய? நாட்டின் கையிருப்பு ஒரு மாத இறக்குமதிக்குக்கூடக் காணாது என்றார்கள். பெட்ரோலுக்கும் மருந்துக்கும் பால் மாவுக்குமே வரிசை. பம்புக்கு டாலர் தர முடியாது என்று பேங்க் கைவிரித்துவிட்டது. புதுப் பம்பைக் கடனுக்கு அனுப்பச் சொல்லித் தம்பிதுரையிடம் கேட்டார் ஜெரோம்.

"போன சரக்குக்கே இன்னும் பணம் வரலீங்க. பேங்க் உத்தரவாதம் இல்லாம இதையும் அனுப்பிப்போட்டா நம்ம பாடு திண்டாட்டமுங்க," என்றாள் கணக்குப் பார்க்கும் அக்ஷயா. நியாயம்தான். ஆனால் அதை ஜெரோமிடம் சொல்ல வேண்டாமா? இந்த மனுஷன் சொல்லவில்லை.

தினமும் காலையில் ஜெரோம் கூப்பிடுவார். "ஐயா, கப்பலில ஏத்திப்போட்டியளோ?"

"ஆகட்டுங்க, பாத்துக்கலாமுங்க."

"நல்லதையா. உங்கட சொல் எனக்குப் போதும்."

முதலில் அவர் குரலுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரையும். பிறகு அதுவும் நின்றுபோனது. டீசல் இல்லை போலிருக்கிறது என்று தம்பிதுரை நினைத்துக்கொண்டார்.

ஒரு புதன்கிழமை ஆபீஸ் லேண்ட்லைன் அடித்தது. ஜெரோமின் மகள். "ஐயா, பம்ப் வந்தா திருப்பி அனுப்பிவிடுறம். அப்பா மோசம் போயிட்டார். ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தனாங்கள்."

தம்பிதுரைக்குச் சிரிப்புத்தான் வந்தது. "என்னுங்கம்மணி சொல்றீங்க? இன்னிக்குக் காலைலகூட என்ற செல்லுல பேசினாருங்களே!"

"அப்பாட போனையும் பெட்டிக்குள்ளதான் வைச்சனாங்கள், ஐயா."

மேஜையில் கிடந்த செல்போன் அடித்தது. திரையில் ஜெரோம் என்று பெயர். எடுக்கக் கூடாது என்றுதான் நினைத்தார். எத்தனை வருஷப் பழக்கம், கை எடுத்துவிட்டது. ஒரு காதில் மகள், மறுகாதில் அப்பன்.

"ஐயா, கப்பல் எங்கே வருது?"

'ஆகட்டுங்க' என்று எழுந்த நாக்கைக் கடித்துக்கொண்டார். ஐயோ, இப்போதாவது சொல்லித் தொலைக்க வேண்டும்.

"அனுப்பலீங்க, ஜெரோம். முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல மனசு வரலீங்க. மன்னிச்சுப்போடுங்க."

ஜெரோம் கோபப்படவில்லை. "கொழும்பு ஆஸ்பத்திரியில எனக்கு ஒரு கட்டில் தாறம் எண்டவை, ஐயா. பம்ப் வருதுதானே எண்டு நான்தான் வேண்டாம் எண்டனான்."

அப்பனின் குரல் லேண்ட்லைனுக்கும் எட்டியிருக்க வேண்டும்; மகள் விசும்பினாள்.

"ஓம் அப்பா," என்றாள். "போங்கோ எண்டு நான் அண்டைக்கே கெஞ்சினனான்."