பென்சில் கோடு விழுந்த இடம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் ஆசையில் பிறந்ததல்ல. புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிற பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு திகில் கதை வேண்டும் என்று பதிப்பக அம்மா கேட்டார். "படிக்கிற பிள்ளைங்க மூச்சு விடக்கூடாது சார். வாக்கியமெல்லாம் சின்னதா இருக்கணும்." (மூச்சு விடாத பிள்ளைகள் அடுத்த புத்தகத்தை எப்படி வாங்குவார்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.)

அப்படிப்பட்ட பிள்ளை என் வீட்டிலேயே இருக்கிறாள். மகள், வயது பதினைந்து, பட்டப்பெயரே 'கொட்டாவி'. எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நான் எழுதியதை அவள் படிப்பாள். அலுக்கிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு நிறுத்திவிடுவாள். ஏன் என்று நான் கேட்கக்கூடாது. கோடு விழுந்த இடத்தை வெட்டிவிட வேண்டும்.

2.

முதல் தொடக்கம்: "இருள் சூழ்ந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், காலத்தின் சாட்சியாக நின்ற

அங்கேயே கோடு. எனக்கு வேண்டியதுதான்.

இரண்டாவது: "ஆய்வகக் கதவு வெளியே பூட்டியிருந்தது." கோடு இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஒரு பெண் மாட்டிக்கொண்டிருக்கிறாள். கையில் போன் இருக்கிறது. யாரையாவது கூப்பிடலாமே? மாட்டாள். நாலு நாளாக அதே போனில் ஒரு செய்தி வந்துகொண்டிருக்கிறது: "வீட்ல சொன்னா உனக்குத்தான் அசிங்கம்."

அந்த வரிக்குக் கீழே கோடு. பென்சில் முனை உடைகிற அளவுக்கு அழுத்தி.

(அழுத்தத்தைக் கவனித்தேன். படு போர் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.)

3.

செய்தியை வெட்டினேன். அதற்குப் பதிலாகக் காலடிச் சத்தம் சேர்த்தேன், ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்தேன். இன்று மதியம் கொடுத்தேன். கடைசிவரை படித்தாள். ஒரு கோடுகூட இல்லை.

"அந்த மெசேஜ் எங்கப்பா?"

"அது போர்னு நீதானேம்மா கோடு போட்டே?"

"போர்னு நான் சொன்னேனா?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போன் நான் எழுதுகிற சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது. அதை மறந்து வைக்கிற ஆள் இல்லை அவள்.

4.

என் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி, கவிழ்ந்து கிடக்கிறது. முந்தைய வாக்கியத்தை எழுதும்போது அதிர்ந்தது. இதை எழுதும்போது மறுபடியும்

முடிவு ஒன்று: அப்பா போனைத் திருப்பிப் பார்க்கிறார். எல்லாம் தெரிந்துவிடுகிறது. (மகள் இனி எதையும் அவரிடம் சொல்ல மாட்டாள்.)

முடிவு இரண்டு: அப்பா ஒன்றும் நடக்காததுபோல் எழுதிக்கொண்டிருக்கிறார். (அந்தக் கோடு விழுந்ததிலிருந்து நாலு நாளாக நான் செய்தது.)

முடிவு மூன்று: "யாருடி அவன்?" என்று அப்பா கதவை இடித்து

வேண்டாம். உள்ளே இருப்பவள் ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறாள். எனக்கும் பயமாக இருக்கிறது. கதையில் வரும் பெண்ணுக்காக அல்ல.

5.

வெட்டிய பக்கத்தைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நீவினேன். அவளுடைய கோட்டுக்குக் கீழே எழுதினேன்: "அசிங்கம் உனக்கில்லை, அனுப்பினவனுக்குத்தான். கதவுக்கு வெளியே ஒருத்தர் நிற்கிறார். அவர் திட்ட மாட்டார்." பென்சிலோடு சேர்த்துக் கதவுக்கு அடியில் தள்ளினேன்.

மேசையில் போன் இரண்டு முறை அதிர்ந்தது. பிறகு காகிதம் திரும்பி வந்தது. கோடு இல்லை. அவளுடைய கோணல் எழுத்து இருந்தது.

"கதவு தாழ் போடலப்பா."

6.

பதிப்பக அம்மா மன்னிக்க வேண்டும். போனைத் திருப்பிப் பார்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன். அங்கே அவள் சொல்லப்போவது எழுதுவதற்கில்லை.

இதை இவ்வளவு தூரம் படித்துவிட்ட பிள்ளைக்கு ஒன்று. அந்தச் செய்தியைப் படித்தபோது உன் கண்ணும் நின்றிருந்தால், அங்கே ஒரு கோடு போடு. வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம். புத்தகத்தை அந்தப் பக்கத்திலேயே திறந்து, வீட்டில் உனக்குப் பிடித்த ஒருவர் கண்ணில் படும்படி வை.