சித்திரைக்கு முன்னால் வந்த கேள்வி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் மொரப்பூருக்குப் போனது ஒரு கொலைக்காக. நான் எழுதும் தொடர்கதையின் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு ஜமீன்தாரை ரயிலிலிருந்து தள்ளியாக வேண்டும். தோதான இடம் தேடினேன். தண்டவாளம் பார்க்கும் கேங்மேன் இன்னாசியிடம் விசாரித்தேன்.

"கொலையெல்லாம் இங்க இல்லீங்க. காசியம்மா போட்ட பாடத்திட்டம்னு ஒண்ணு இருக்குது. வேணுமுங்களா?"

வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் அதற்குள் ஆரம்பித்துவிட்டார். ஜமீன்தார் இன்னும் ஜன்னலோரம் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: "இருள்! கும்மிருட்டு! பழுப்புத் தாளின் மேல் ஒரு பெண்ணின் கை மர்மமாக—"

(அடித்துவிட்டேன். அவள் எழுதியது பட்டப்பகலில், களத்து மேட்டில்.)

இரண்டாம் தொடக்கம்: "கல்வி என்பது யாதெனில்—"

(இதையும்.)

நடந்தபடியே சொல்கிறேன். 1943, ஆனி மாதம். மொரப்பூரை ஒட்டிய அந்தச் சிற்றூரின் ஒற்றை வாத்தியார் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. ஐந்தாவது முடித்திருந்த செல்லியும் அவளைவிடச் சின்னவர்கள் இரண்டு பேரும் வீட்டோடு நின்றார்கள். செல்லியின் அம்மா காசியம்மாள், சேலத்தில் மாமன் வீட்டில் தங்கி எட்டாவது வரை படித்தவள். "நானே சொல்லித் தர்றேன்" என்று மூன்று பேரையும் உட்கார வைத்துவிட்டாள்.

தமிழும் கணக்கும் ஓடின. விஞ்ஞானத்துக்குத்தான் புத்தகம் இல்லை. யுத்த காலம், எழுதத் தாளே கிடைக்காது. மளிகைக்கடைப் பழுப்புத் தாளை நீவி நீவி, ஒரு வருஷத்துக்கான பாடத்தை அவளே போட்டாள். எப்படி? ராகியை வைத்து.

ஆடியில் விதைப்பு, ஆகவே விதை முளைப்பது. ஆவணியில் களை, ஆகவே வேரும் மண்ணும். புரட்டாசியில் மேகம், மழை. ஐப்பசியில் பூச்சி. கார்த்திகையில் அறுப்பு, ஆகவே அரிவாளின் கூர். தையில் தூற்றும்போது காற்று. மாசியில் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைக்கும்போது கப்பி, கயிறு, பாரம். சித்திரையில் வெப்பம்.

அவள் புருஷன் தீர்த்தகிரி எட்டிப் பார்த்தார். "ஏன்டி, வெயிலுக்கு ஒரு மாசம் ஒதுக்கி வெச்சிருக்கியே, அது உன்னக் கேட்டுக்கிட்டா வரும்?"

"வராமப் போனா நீங்க போய்க் கூட்டியாங்க."

[இடையில் ஒரு வார்த்தை: பட்டணத்து மேதாவிகள் குழு கூடிப் போட்ட பாடத்திட்டங்களையும் பார்த்திருக்கிறேன். இதில் ஒரு பாடமாவது பிள்ளையின் கைக்கு எட்டாத இடத்தில் இல்லை. எனக்கு அந்த அம்மாளைத் தெரியாது. ஆனாலும் எழுதும்போது என் நெஞ்சு நிமிர்ந்துகொள்கிறது.]

3

கதைக்கு ஆபத்து வேண்டாமா? வந்தது, தபாலில். தர்மபுரிப் பள்ளி ஒன்றில் செல்லியை ஆறாவதில் சேர்க்கக் கேட்டிருந்தார்கள். பதில்: பழைய பள்ளியின் பதிவேடு தேவை. பதிவேட்டைக் கரையான் தின்றிருந்தது. அப்படியானால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரம்மா நேரில் சோதித்து வகுப்பைக் குறித்துத் தர வேண்டும். தேறாவிட்டால் மூன்றாவதில்தான் சேர்ப்பார்கள்.

செல்லிக்குப் பன்னிரண்டு வயது. "எட்டு வயசுப் பொடுசுங்களோட குந்தச் சொன்னா நான் போவ மாட்டேன். ஆடு மேய்க்கிறேன், போ" என்றாள். சொன்னால் சொன்னதுதான். அவள் படிப்பு அந்த ஒரு காகிதத்தில் தொங்கியது.

4

இன்ஸ்பெக்டரம்மாவை நான் வில்லியாக்கப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, சிரிக்காத உதடு, கையில் ஒரு— (வரவில்லை. இன்னாசி சொன்ன பெண்மணி, வந்து இறங்கியதும் கேட்டது காபி.)

மாசி மாதம், காலை ஏழு மணி. பனி விலகவில்லை. பெட்ரோல் பஞ்சத்தில் கரிவாயுவில் ஓடிய அரூர் பஸ் கிளம்புவதற்குள் ஸ்டேஷன் பெஞ்சிலேயே பரீட்சை. விதை கேட்டார், மழை கேட்டார், கப்பி கேட்டார். செல்லி பொரிந்து தள்ளினாள். காசியம்மாள் தள்ளி நின்று, மகள் பதில் சொல்லச் சொல்ல, தன் உதட்டை அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப சரி. அதோ, ரெண்டு தண்டவாளம் சேர்ற எடத்துல இடைவெளி விட்டிருக்காங்களே, ஏன்?"

செல்லி தண்டவாளத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"அது எங்களுக்குச் சித்திரையிலதானுங்க வரும்."

"என்னது?"

"வெப்பம் சித்திரையிலங்க. இப்ப மாசிதான் நடக்குது."

பஸ்ஸின் ஹாரன். இன்ஸ்பெக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவை மூடினார். "ஏம்மா, பரீட்சை பங்குனியோட முடிஞ்சிருதே. வெப்பத்தை அதுக்கு அப்பால வெச்சா எப்படி?"

காசியம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. வருஷம் என்றால் விதைப்பில் தொடங்குவது என்று அவள் போட்டுவிட்டாள். சர்க்கார் வருஷம் வேறே. ராகி பயிரிடுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் வராத தப்பு.

முகம் சிவந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. "நீங்க திரும்பி எத்தன மணி வண்டிக்குங்க?"

"மூணு மணி."

"அப்ப சித்திரைய இன்னிக்கே வெச்சுக்கலாமுங்களா?"

5

இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டிவிட்டு பஸ் ஏறினார். இனி எட்டு மணி நேரம்— (தவறு. ஏழரையிலிருந்து மூன்று வரை. அவசரத்தில் எழுதினால் கடிகாரமும் என்னோடு ஓடுகிறது.)

இங்கேதான் உண்மையான திகில். காசியம்மாளுக்கு விடை தெரியும். காதோடு ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் மகள் ஆறாவது. யாருக்கும் தெரியப் போவதில்லை.

"சொல்லிருங்களேன்" என்றார் இன்னாசியே.

"சொன்னா அது என் பதிலு. அவளுக்கு எதுக்கு?" என்றாள். விளக்குமாற்றிலிருந்து ஒரே பருமனாக மூன்று ஈர்க்குகளை உருவி மகளிடம் கொடுத்தாள். "தண்டவாளச் சந்துல இப்ப எத்தன நுழையுதுன்னு பாரு. உச்சிக்கு மேல மறுபடி பாரு. வேற ஒண்ணும் எங்கிட்டக் கேக்காதே."

இன்னாசி பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியுமாகக் காவல் நின்றார். செல்லி ஐந்து இணைப்புகளில் ஈர்க்கு விட்டுப் பார்த்து, ஸ்லேட்டில் குறித்தாள். பிறகு காத்திருந்தாள். காசியம்மாள் பேச்சு வந்துவிடுமோ என்ற பயத்தில் வெற்றிலையை வாயில் அடைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய் நின்றாளாம்.

6

மணி இரண்டே முக்கால். இன்ஸ்பெக்டரம்மா புழுதியோடு வந்து இறங்கினார்.

"காலையில அஞ்சு எடத்துலயும் மூணு ஈர்க்கு போச்சுங்க" என்றாள் செல்லி. "ரெண்டு மணிக்கு நாலு எடத்துல ரெண்டுதான் போச்சு. மூணாவது முட்டிக்கிச்சு."

"அஞ்சாவது?"

"அதுல இப்பவும் மூணும் போவுதுங்க. அது புளியந்தோப்பு நெழல்ல இருக்குது."

"அதனால?"

"வெயில்ல இரும்பு நீளுது போலங்க. எடம் விடலன்னா ஒண்ண ஒண்ணு இடிச்சு நெளிஞ்சுரும். ஆனா..." இழுத்தாள்.

"என்ன ஆனா?"

"நெழல்ல ஒரே ஒரு எடந்தானுங்க பாத்தேன். இன்னொண்ணு பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது."

[என் வேகத்துக்கு இந்தக் கடைசி வரியை வெட்டியிருக்க வேண்டும். கதாநாயகி சந்தேகப்பட்டால் கைதட்டல் குறையும் என்பது தொழில் பாடம். வெட்டப் போனேன், கை வரவில்லை.]

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்த காசியம்மாள் அந்த வரியைக் கேட்டாள். இன்னாசி சொன்னார்: "அந்த அம்மா அப்ப நின்ன நிப்பு இருக்கே, ஜில்லா கலெக்டரே எதுர வந்திருந்தாலும் ஒதுங்கித்தான் போயிருப்பாரு."

7

வண்டி வந்தது. இன்ஸ்பெக்டரம்மா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தொடைமேல் காகிதத்தை வைத்து எழுதினார். வண்டி நகரும்போது நீட்டினார். காசியம்மாள் வாங்கினாள்.

முடிவு அ: அவள் பிரித்துப் படித்து ஓவென்று—

முடிவு ஆ: காற்று அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு—

(இரண்டும் என் பழைய வியாதி.)

நடந்தது இது. அவள் பிரிக்கவில்லை. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு செல்லியைத் தேடினாள். செல்லி அங்கே இல்லை. புளியந்தோப்பு நிழலில் இன்னொரு இணைப்பில் குனிந்து ஈர்க்கு விட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

காகிதத்தில் என்ன இருந்தது என்று இன்னாசிக்குத் தெரியும், எனக்கும் சொன்னார். நான் சொல்ல மாட்டேன். காலை ஏழு மணியிலிருந்து நீங்களும் அந்த ஸ்டேஷனில்தானே இருந்தீர்கள்? சித்திரைக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வியையும் கேட்டீர்கள், அவள் பதிலையும் கேட்டீர்கள். மூன்றாவதா, ஆறாவதா? பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

செல்லி, தகப்பனார் பெயர் தீர்த்தகிரி. சேர்க்கத் தகுந்த வகுப்பு: ..............