மிலாறு கட்டிய ஜன்னல்

ஜீவராணியின் வீட்டில் கொஞ்ச நாளாகவே லைட் எரியவில்லை. கரண்டுக்கும் குறையில்லை, பல்புக்கும் பழுதில்லை. முன்காம்பராவின் நடுவில் தொங்கிய வயரில், பல்புக்கு மேலே, ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டியிருந்தது. குஞ்சுகளுக்குச் சூடு பட்டுவிடுமோ, கரண்ட் அடித்துவிடுமோ என்று பயந்து மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள். பொழுது சாய்ந்தால் குப்பி விளக்குத்தான்.

அவளுடைய புருஷன் அழகுமுத்துவுக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் அடுப்படியில் வேலை. லீவுக்கு வந்திருந்தவன் இருட்டில் செருப்பைத் துழாவிக்கொண்டே முணுமுணுத்தான்.

"இந்த வயர இழுக்க நான் எத்தன பேரு பின்னால அலஞ்சேன். குருவி குடித்தனம் பண்ணவா இழுத்தேன்?"

"கொஞ்ச நாளைக்குத்தானேங்க. ரெக்கை மொளச்சா போயிரும்."

"அப்ப சரி. அதுவரைக்கும் நாமதான் அது வீட்டுல வாடகைக்கு இருக்கோம்."

சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினான். அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. போன முறையும் இதே வயரில்தான் கூடு இருந்தது. ஒரு மத்தியானம் அவள் தேயிலை மலை வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தபோது கூடு தரையில் கிடந்தது. பக்கத்தில் கொஞ்சம் இறகு. பக்கத்து வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் சண்முகவடிவு அக்காவின் பூனை உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது. ஜீவராணி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினாள், அள்ளிப்போட்டாள், திரும்ப மலைக்குப் போய்விட்டாள். பேச வேண்டிய இடத்தில் வாயடைத்துப் போவது அவளுடைய சுபாவம். ஆனால் அன்று முழுக்க, கொழுந்து கிள்ளக் கிள்ள, பேசாமல் விட்டதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அதே ஜோடி மறுபடியும் நார்த் துணுக்குகளைக் கவ்விக்கொண்டு ஜன்னல் வழியே வந்தபோது அவள் முடிவு செய்துவிட்டாள். இந்த முறை விடுவதில்லை.

அந்தப் பூனையின் பெயர் கண்டாக்கு. கொழுந்து மலையை மேற்பார்க்க வரும் கண்டாக்கையாவைப் போலவே அது காலையில் லயத்தின் இந்தக் கோடியில் தொடங்கி அந்தக் கோடிவரை ஒவ்வொரு வீடாக எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். அதனால் வந்த பெயர். சாம்பல் உடம்பு, கிழிந்த காது, யாரையும் மதிக்காத நடை. சண்முகவடிவு அக்காதான் அதை றொசல்ல ஸ்டேசனிலிருந்து சீனிப் பையில் போட்டுக் கொண்டு வந்தவள். பிள்ளைகள் இரண்டும் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்ட பிறகு அக்கா வாய் ஓயாமல் பேசுவது அதனிடம்தான்.

அது எந்த வழியாக வீடுகளுக்குள் வருகிறது என்பதில் லயத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தகரக் கூரை. வீட்டுக்கு வீடு இருக்கும் நடுச்சுவர் ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி அங்கேயே நின்றுவிடும். அதற்கும் தகரத்துக்கும் நடுவில் வெறும் இடைவெளி. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்கப் பசி எடுக்கும். ஒருவர் இருமினால் அடுத்த வீட்டிலிருந்து "கொத்தமல்லி போட்டுக் குடி" என்று குரல் வரும். பூனைக்கு இதைவிட நல்ல ரோடு வேண்டுமா?

குஞ்சு பொரித்த அன்று சாயங்காலம், தன் ஃபோனை எடுத்துக்கொண்டு ஜீவராணி அக்கா வீட்டுக்குப் போனாள். மெயினை இறக்கியதிலிருந்து அங்கேதான் சார்ஜ் போடுகிறாள்.

"அக்கா... கண்டாக்க கொஞ்ச நாளைக்குப் பகல்ல கட்டிப்போட முடியுமாக்கா?"

அக்கா ரொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"கட்டிப்போடுறதா? அது என்ன மாடா?"

"குருவிக் குஞ்சு இருக்குக்கா."

"அடி பைத்தியக்காரி! ஒன் வீட்டு அரிசி மூட்டைய எலி தொடாம இருக்கே, அது யாரால? அது ஒன் வீட்டுக்குக் காவக்காரன்டி. காவக்காரனுக்கு வெலங்கு மாட்டச் சொல்றியா?"

"அப்ப ஒரு மணியாவது..."

"மணிதானே, கட்டிக்க. கையில கீறல் வாங்காமக் கட்டிட்டன்னா ஒனக்கு ஒரு மால போடுறேன்."

கீறல் வாங்கிக்கொண்டுதான் கட்டினாள். மணியோடு அது கிலுகிலுவென்று லயத்தைச் சுற்றி வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. மணிச் சத்தம் கேட்டால் தாய்க்குருவி பறந்து தப்பிக்கும். இறகு முளைக்காத குஞ்சு என்ன செய்யும்? பூனை வருகிறது என்று தெரிந்துகொண்டு கூட்டுக்குள்ளேயே கிடக்கும். அவ்வளவுதான். மறுநாளே மணியையும் எங்கேயோ புதருக்குள் தொலைத்துவிட்டு வந்தது கண்டாக்கு.

அதற்கடுத்து அவள் செய்ததுதான் வம்பாகிவிட்டது. வெறும் உரப்பைகளைக் கழுவிக் காயவைத்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, பெஞ்சின் மேல் ஏறி நின்று, நடுச்சுவரின் மேல் இடைவெளியைக் கோடிக்குக் கோடி அடைத்துவிட்டாள். கையில் வந்த ஒட்டடையைத் துடைத்துத் துடைத்து ஆணி அடித்தாள். சுத்தியல் சத்தம் அடங்கியதும் அந்தப் பக்கம் சண்முகவடிவு அக்காவின் குரல் எழும்பியது. ஆனால் அவளிடம் இல்லை, பூனையிடம்.

"பாத்தியாடா கண்டாக்கு? நம்ம மொகம் புடிக்கலயாம். மூச்சுக்காத்துகூட வரக்கூடாதாம். வா ராசா, நாம நம்ம பாட்டுல இருப்போம்."

ஜீவராணிக்குச் சுருக்கென்றது. லயத்தில் சொத்துக்கும் சாவுக்கும் சண்டை போட்டவர்கள்தான் சுவருக்கு மேல் அடைப்பார்கள். கோடி வீட்டு வீரய்யா அண்ணன் தன் தம்பியோடு முறைத்துக்கொண்டு தகரம் அடித்தது இன்னும் அப்படியே இருக்கிறது. இவள் பூனைக்கு அடைத்தாள். அக்கா தனக்கு அடைத்ததாக எடுத்துக்கொண்டாள். போய்ச் சொல்லிவிடலாம் என்று வாசல்வரை போனாள். நாக்கு எழும்பவில்லை. அக்கா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.

அன்றிரவு ஃபோனில் சார்ஜ் இல்லை. கேட்கப் போகவும் முகமில்லை. ஃபோன் செத்துப்போனால் அலாரம் ஏது? அலாரம் தவறினாலும் அக்கா விடமாட்டாள். "அடியே ஜீவராணி! பெரட்டுக்கு நேரமாச்சு!" என்று சுவருக்கு மேலே தினமும் ஒரு சத்தம் வரும். மறுநாள் காலையில் அதுவும் வரவில்லை.

அவள் ஓட்டமும் நடையுமாக, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெயர் எடுத்து முடித்து, ஆட்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்டாக்கையா குடையை ஊன்றி நின்றார்.

"இது என்ன, கல்யாண வீடா? நினைச்ச நேரத்துக்கு வாறதுக்கு?"

"ஐயா... ஃபோனு..."

"வீட்டுக்குப் போ. நாளைக்கு நேரத்தோட வா."

மேலே ஏறிக்கொண்டிருந்த பெண்களின் நடுவில் சண்முகவடிவு அக்கா ஒரு நிமிடம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

ஒரு நாள் பேரும் கூலியும் போன கசப்போடு ஜீவராணி பின்பக்கமாக வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அப்படியே நின்றாள்.

ஜன்னலுக்குக் கீழே, கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அவளே சுமந்துவந்து விறகுக்காக அடுக்கிய தேயிலைக் குச்சி மிலாறு இருந்தது. சுவரோரம், மழை படாத இடம் என்று பார்த்துப் பார்த்து, ஜன்னல் கட்டைவரை அடுக்கியிருந்தாள். அந்த அடுக்கின் மேல் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து, படி ஏறுவதுபோல நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது கண்டாக்கு. கட்டையில் ஒரு நொடி நின்றது. குருவிகளுக்காக அவள் திறந்தே வைத்திருந்த ஜன்னல் வழியே உள்ளே போனது.

சுவர் உச்சியில் கையில் வந்த ஒட்டடை அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பூனை தினமும் நடக்கும் ரோட்டில் ஒட்டடை எப்படி இருக்கும்? அது ஒருநாளும் சுவர் வழியாக வந்ததில்லை. வழி போட்டுக் கொடுத்தவளே அவள்தான்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். பூனை அலுமாரியின் மேல் பதுங்கியிருந்தது. வால்நுனி மட்டும் ஆடியது. வயரில் கூடு, கூட்டில் திறந்த மூன்று வாய்கள்.

"ஏய்!"

அந்தச் சத்தம் தன் தொண்டையிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. தகரமே அதிர்ந்தது. ஜீவராணிக்குக் குரல் உண்டு என்பதே தெரியாத கண்டாக்கு, அலுமாரியிலிருந்து விழுந்து, பானையை உருட்டி, வந்த வழியே ஜன்னலைத் தாண்டி ஓடியது.

அவள் உட்காரவில்லை. தேத்தண்ணியும் குடிக்கவில்லை. மிலாற்றைக் கட்டுக்கட்டாக அள்ளி வேலியோரத்துக்குக் கொண்டுபோனாள். அலுமாரியை இழுத்து மூலைக்குத் தள்ளினாள். பிறகு நேரான மிலாறாகப் பொறுக்கி, ஜன்னல் சட்டத்தில் நெடுக்கும் குறுக்குமாக வைத்துக் கயிற்றால் இறுக்கினாள். பூனைக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். அதனால் தன் கையை மடக்கி, முட்டி நுழையாத அளவுக்கு இடைவெளி விட்டாள்.

கட்டி முடித்துவிட்டு ஒதுங்கி நின்றபோது தாய்க்குருவி வேலியில் வந்து உட்கார்ந்தது. வாயில் ஒரு பச்சைப் புழு. ஜன்னலைப் பார்த்தது, பறந்து வந்தது, மிலாற்றைக் கண்டு திரும்பிவிட்டது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. உள்ளே குஞ்சுகள் கத்தின. ஜீவராணி ஜன்னலருகே போனாள். பூனையிடமிருந்து காப்பாற்றிப் பட்டினி போட்டா கொல்லப்போகிறேன்? ஒரு குச்சியை உருவிவிடலாமா என்று கை போனது. உருவினால் பூனைக்கும் வழிதான். கையை இழுத்துக்கொண்டாள்.

குருவி கட்டையில் வந்து இறங்கியது. தலையைச் சாய்த்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தது. பிறகு இறக்கையை ஒடுக்கிக்கொண்டு, சட்டென்று உள்ளே நுழைந்துவிட்டது.

ஜீவராணி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் இறங்கியபோது, அவள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். இந்த முறை நாக்கைத் தேடவில்லை.

"அக்கா, ஒங்க பூனை சொவரு வழியா வரல. நான் அடுக்குன மிலாறுல ஏறி ஜன்னல் வழியா வந்திருக்கு. தப்பு என்னுது. ஒங்களுக்குன்னு நான் அடைக்கலக்கா, சத்தியமா."

சண்முகவடிவு அக்கா கூடையை இறக்கினாள்.

"இத ஆணி அடிக்கிறதுக்கு முன்ன சொல்லத் தெரியல, இல்ல? வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"சொல்லத்தான் வந்தேன். பயமா இருந்துச்சு."

"நான் என்ன புலியாடி?" அக்காவின் முகம் இளகியது. "காலைல ஒன்னக் கூப்பிடாம விட்டதுல எனக்கும் தொண்டையில சோறு எறங்கல. சரி, சாக்க எறக்கு."

"இல்லக்கா." ஜீவராணி தலையாட்டினாள். "ஜன்னல் அடஞ்சுபோச்சு. இனி அது சொவத்தத் தேடும். குஞ்சு பறக்குற வரைக்கும் சாக்கு இருக்கட்டும். பறந்த அன்னைக்கே எறக்கிர்றேன்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். எதிர்த்து ஒரு சொல் பேசாதவள் இன்று 'இல்லை' என்று சொல்லிவிட்டாள்.

"அப்ப காலைல நான் யாரக் கூப்பிடுறது?"

"சொவத்துல தட்டுங்க. நானும் தட்டுறேன்."

"ஃபோனக் கொண்டா, செத்துக் கெடக்கும்." உள்ளே போனவள் திரும்பி வந்து சொன்னாள். "அடஞ்சு கெடக்க மாட்டான் அவன். ஆனா பெரட்டுக்குப் போக முன்ன வயிறு முட்டச் சோறு போட்டுட்டுப் போறேன். அதுதான் என்னால ஆகும்."

அன்றிலிருந்து விடிகாலையில் அகப்பைக் காம்பு சுவரில் டொக்கு டொக்கென்று கேட்கும். இந்தப் பக்கமிருந்தும் பதிலுக்கு டொக்கு. கண்டாக்கு ஜன்னல் கட்டைக்குக் கீழே வந்து மேலே பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒருநாள் தாவி மிலாற்றில் தொங்கியும் பார்த்தது. கயிறு இளகவில்லை. ஆனாலும் அவள் தினமும் சாயங்காலம் ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

குஞ்சுகள் கூட்டு விளிம்பில் ஏறி நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதல் குஞ்சு கீழே விழுவதுபோலப் பறந்து, மிலாற்று இடுக்கில் புகுந்து, வெளியே வாசல் தரையில் போய் உட்கார்ந்தது. பறக்கத் தெரியாமல் தத்தியது. ஜீவராணி வாசலுக்கு ஓடினாள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலிருந்து கண்டாக்கு வந்துகொண்டிருந்தது, வயிறு தரையில் உரச.

"அக்கா!" என்று கத்தினாள். "அக்கா, கண்டாக்கு!"

சண்முகவடிவு அக்கா அடுப்படியிலிருந்து வந்த வேகத்தில், மூலையில் கிடந்த பழைய கொழுந்துக் கூடையைத் தூக்கி, பூனையின் மேல் கவிழ்த்து, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கூடைக்குள்ளே ஒரே ரகளை.

"போகட்டும்டி, ஒவ்வொண்ணா போகட்டும்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "இந்தத் தோட்டத்துல கண்டாக்க கூடையில போட்டு மேல உக்காந்த மொத ஆளு நாந்தான்."

ஜீவராணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கண் குஞ்சைவிட்டு நகரவில்லை. தாய் வேலியிலிருந்து கூப்பிட்டது. ஒரு தத்து, இன்னொரு தத்து, பிறகு தேயிலைச் செடியின் மேல். இரண்டாவது நேராகவே பறந்தது. மூன்றாவதுதான் மத்தியானம்வரை கூட்டு விளிம்பில் உட்கார்ந்து யோசித்தது. அக்கா கூடையைவிட்டு எழும்பவில்லை. சோற்றையும் அங்கேயே கொண்டுவரச் சொல்லிச் சாப்பிட்டாள். கூடையின் இடுக்கு வழியாக ஒரு கருவாட்டுத் தலையும் உள்ளே போனது.

கடைசிக் குஞ்சும் தேயிலைக்குள் மறைந்ததும் ஜீவராணி பெஞ்சை இழுத்துப்போட்டு ஏறினாள். சாக்கின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஜன்னல் மிலாற்றை மட்டும் அவிழ்க்கவில்லை. அந்த ஜோடி திரும்பவும் வரும்.

மறுநாள் விடிய, சுவருக்கு மேலே தகரம் அதிர ஒரு சத்தம் வந்தது.

"அடியே ஜீவராணி! பெரட்டுக்கு நேரமாச்சு!"

"முழிச்சிட்டேன்க்கா!" என்று அவளும் அதே உயரத்தில் கத்தினாள்.

கோடி வீட்டில் யாரோ தூக்கம் கலைந்து திட்டினார்கள்.