சீலா மூன்று தடவை

தூத்துக்குடி மாவட்டத்தில் மட்டுமல்ல, இந்தப் பூமியில் மனித மூளை என்று ஒன்று உண்டான நாள் முதல் இன்றுவரை, அதை நேசக்குமாரைப் போலப் பிசகில்லாமல் அளந்தவர் ஒருவரும் கிடையாது. இதைச் சொன்னது நேசக்குமார். சொன்ன இடம், ஆஸ்பத்திரிக்கு எதிரே லிங்கராஜ் அண்ணாச்சியின் டீக்கடை. சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"அளந்து என்னல செய்யப்போற? சட்டை தைக்கவா?" என்றார் அண்ணாச்சி.

சாயர்புரத்துப் பிள்ளை நேசக்குமார். உளவியலில் முதுகலை முடித்துவிட்டு, அந்த நரம்பியல் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பக்கவாதம் வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், பெற்ற பிள்ளையின் பெயர் மறந்தவர்கள் என்று வருகிற பெரியவர்களை உட்காரவைத்து, ஞாபகம், கவனம், பேச்சு என ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டு மார்க் போடவேண்டும். கேள்விகளை மேனுவலில் உள்ளபடி ஒரு எழுத்து கூடாமல் குறையாமல் படிக்கவேண்டும். நேசக்குமார் கமாவுக்குக்கூட மூச்சுவிட்டுப் படித்தான். ஸ்டாப்வாட்ச்சைத் தான் அழுத்தும் அழகைப் பார்க்க ஆள் இல்லையே என்பது ஒன்றுதான் அவனுடைய குறை.

பயிற்சி தருகிற ஜீவமணி மேடம் இருந்தார். ஆனால் அவர் கண்ணெல்லாம் ஆமிரா மேல் இருந்தது.

ஆமிரா காயல்பட்டினத்துக்காரி, அவன் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவள். "அத ஆமிராகிட்ட கேளு நேசா" என்று மேடம் ஒரு நாளைக்குச் சராசரியாக ஆறு தடவை சொல்வார். சராசரி என்பது சும்மா சொன்னதில்லை; நேசக்குமார் குறித்து வைத்திருந்தான். அதிகபட்சம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினொன்று. நோயாளிகள் அவளைப் பார்த்தால் சிரித்தார்கள். ஒரு அம்மா அவளுக்குப் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்தாள். நேசக்குமாருக்குப் பனங்கிழங்கு பிடிக்காது. ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் அவளுடைய பழக்கம் என்று அவன் கண்டுபிடித்தான். டெஸ்ட் தொடங்குமுன் கால்மணி நேரம், ஊர் எது, தொழில் என்ன, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று பேசிக்கொண்டிருப்பாள். காதில் விழுகிற புதுச் சொற்களை நீல அட்டை நோட்டில் எழுதிக்கொள்வாள். அது போதாதென்று, ஆஸ்பத்திரி வாசலில் மீன் விற்கிற சீனித்தாயிடம் குத்தவைத்து உட்கார்ந்து, கூடையில் இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவாள்.

"இது டெஸ்ட்டா, பொண்ணு பாக்குற சடங்கா?" என்றான் நேசக்குமார். "அடுத்து ஜாதகம் கேப்பியா?"

"தேவப்பட்டா கேப்பேன்." ஆமிரா எழுதுவதை நிறுத்தவில்லை. "ஒனக்கும் ஒரு நோட்டு வாங்கித் தரட்டா?"

"எனக்கு மேனுவல் இருக்கு."

மாதக் கடைசியில் இருவரில் ஒருவருக்குத்தான் தனியாக டெஸ்ட் எடுக்க அனுமதி என்று மேடம் சொல்லியிருந்தார். ரிப்போர்ட்டின் அடியில் சொந்தப் பெயர் வரும். கையெழுத்தை நேசக்குமார் முன்கூட்டியே பழகி முடித்துவிட்டான். கீழே இரண்டு கோடு, ஒரு புள்ளி.

அதைத் தீர்மானிக்கிற வெள்ளிக்கிழமை வந்தது. மேடத்தின் முறை இது: ஒருவர் கேள்வி கேட்பார், இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் மார்க் போடுவார்கள், பிறகு மேடம் இரண்டையும் சிவப்புப் பேனாவோடு ஒப்பிடுவார். கேள்வி கேட்கிற யோகம் நேசக்குமாருக்கு அடித்தது.

வந்தவர் பெயர் சிலுவை. ஆலந்தலைக்காரர், ஐம்பது வயது, சங்கு குளிக்கிறவர். மூன்று மாதத்துக்கு முன் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் நினைவு தப்பி, எப்படியோ பிழைத்தார். அதிலிருந்து மறதி என்று மகள் ஜெப்ஸி கூட்டிவந்திருந்தாள். திரும்பக் கடலில் இறங்கலாமா என்பதுதான் டாக்டருக்குத் தெரியவேண்டியது.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் சிலுவை.

"கேள்வி நாந்தான் கேக்கணும்," என்றான் நேசக்குமார். தொண்டையைச் செருமிக்கொண்டான். "உங்களுக்குத் தெரிந்த உயிர்ப் பிராணிகளின் பெயர்களை, எந்த வகையாக இருந்தாலும், ஒரு நிமிடத்தில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொல்லுங்கள். தொடங்குங்கள்."

"நாயி… ஆடு…"

பிறகு பதினைந்து விநாடி ஒன்றுமில்லை. சிலுவையின் கண் ஜன்னல் பக்கம் போனது. போனதும் மடை திறந்துகொண்டது.

"சீலா, ஊளி, பாரை, முரல், விளமீன், நவரை, காரல், சீலா, குதிப்பு, ஊடகம், களவா…"

நேசக்குமாரின் அம்மாவுக்கு மீன் வாடை ஆகாது. அதனால் அவனுக்குத் தெரிந்த மீனில் இரண்டே வகை: குழம்பில் கிடப்பது, பொரித்தது. மூளையில் அடிபட்ட சிலர் இல்லாத சொற்களைத் தாமே உண்டாக்கிப் பேசுவார்கள் என்று போன வாரம்தான் மேடம் பாடம் எடுத்திருந்தார். அப்படி ஒருவரை ஆமிராவுக்கு முன்னால் தான் பிடித்துவிடவேண்டும் என்று அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. இதோ, பிடித்துவிட்டான். பக்கத்தில் ஆமிரா விழுந்து விழுந்து எழுதிக்கொண்டிருந்தாள். உளறலையெல்லாம் எழுதுதாளே, பாவம் என்று நினைத்தான். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள்மேல் அவனுக்குப் பிரியம்கூட வந்தது.

டெஸ்ட் முடிந்து மேடம் இரண்டு தாளையும் வாங்கினார். ஆமிரா போட்ட மார்க் இருபத்து மூன்று. நேசக்குமார் போட்டது இரண்டு. நாய்க்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று. கீழே அடிக்கோடிட்ட குறிப்பு: 'சொற்களைத் தாமே உருவாக்குகிறார். பேச்சு கடுமையாகப் பாதிக்கப்பட்டுள்ளது.'

மேடம் ஜெப்ஸியைக் கூப்பிட்டு ஆமிராவின் பட்டியலைக் காட்டினார். "இதெல்லாம் என்னம்மா?"

"மீனு மேடம்." ஜெப்ஸிக்குச் சிரிப்பு வந்தது. "ஊளியும் நவரையும் நேத்துதான் வீட்டுல ஆக்குனோம். அப்பா பசியில சொல்லிட்டாவளோ?"

அவள் வெளியே போனதும் நேசக்குமார் மெதுவாக, "மேனுவல்ல இந்தப் பேரெல்லாம் இல்ல மேடம்," என்றான்.

"இருக்காதுதான். சரி, மீன் தெரியாதது ஒரு குத்தமில்ல நேசா. இங்கன பாரு." ஆமிராவின் தாளில் மூன்று இடத்தில் வட்டம் போட்டிருந்தது. மூன்றும் சீலா. "சொன்னத மறந்துட்டு மறுபடி சொல்லுதார். மூணு தடவ. மத்த டெஸ்ட்லயும் இப்படி வந்தா, தண்ணிக்கு அடியில என்ன ஆகும்னு டாக்டர் யோசிக்கணும். ஒன் தாள மட்டும் பாத்தா பேச்சுதான் போச்சுன்னு நெனச்சிருப்பாரு. பேச்சுக்கு வைத்தியம் பண்ணிட்டு, ஆளக் கடலுக்கு அனுப்பிருப்பாரு."

நேசக்குமாரின் தாளில் அந்த இடத்தில் நீளமாக ஒரு அலைக்கோடு இருந்தது. அதற்குள் எத்தனை சீலா என்று அவனால்கூட எண்ண முடியவில்லை.

"திங்கக்கெழமையிலருந்து ஆமிரா தனியா எடுக்கட்டும்," என்றார் மேடம்.

ஆமிரா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும்.

"என்னல, ஒலகத்த அளந்தாச்சா?" என்று சாயங்காலம் டீக்கடையில் அண்ணாச்சி கேட்டதற்கு அவன் டீயை ஊதிக்கொண்டே இருந்தான். டீ எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

மறுநாள் மத்தியானம் காயல்பட்டினம் பஸ்ஸில் ஆமிரா ஏறியதையும், பஸ் திருப்பத்தில் மறைந்ததையும் நின்று பார்த்து உறுதிசெய்துகொண்டான். பிறகு மூலைக்கடைக்குப் போய் நோட்டு கேட்டான். நீல அட்டை வேண்டாம் என்றான். வேறு நிறம் இல்லை என்றார்கள். அந்தக் கடையை விட்டு இன்னும் இரண்டு கடை ஏறினான். மூன்றாவது கடையில் நீலத்தையே வாங்கினான்.

ஆஸ்பத்திரி வாசலில் சீனித்தாய் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன மீனு தம்பி வேணும்?"

நேசக்குமார் தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பேண்ட்டை முழங்காலில் இழுத்துவிட்டுக்கொண்டு, கூடைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். நோட்டைத் திறந்து முதல் பக்கத்தைத் தடவிவிட்டான்.

"யக்கா," என்றான் தணிந்த குரலில், "காலையில என்ன சாப்பிட்டீய?"